அவள் அழிக்காத பாதி

"தம்பீன்ட கேமை எனக்குத் தாங்கோ அம்மா."

நிருஜா தோள்பையைக்கூட இறக்கவில்லை. கம்பஸ் விடுதியைக் காலிசெய்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தைத் தூறலில் ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றியதும் கேட்டுவிட்டாள். எதையும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று எட்டு மாதமாக அம்மா சொல்லிவந்த அந்த ஒன்றை.

அம்மா இரத்தினேஸ்வரி குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சோதினை முடிஞ்சுதோ?"

"றிசல்ட்டே வந்திட்டுது. ஃபர்ஸ்ட் கிளாஸ். போன கிழமை சொன்னனான்."

"ஓமோ. கணவாய் தம்பிக்கு. நீ முட்டை பொரிச்சுச் சாப்பிடு."

குடும்பத்திலேயே கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நிருஜா. நான்கு வருடமும் இரண்டு எழுத்து வேலை செய்யாத பழைய லப்டொப்பில் கணினி படித்தாள். ஓ.எல். சோதினையை இரண்டு தரம் கோட்டைவிட்ட தம்பி யதுர்ஷனுக்கோ அம்மா காப்பை விற்றுக் கேம் கன்சோல் வாங்கிக் கொடுத்தாள். எட்டு மாதத்துக்கு முன் குச்சவெளி றோட்டு விபத்தில் மோட்டார் சைக்கிளோடு அவன் போய்ச் சேர்ந்த பிறகாவது அம்மா தன்னைப் பார்ப்பாள் என்று நினைத்ததற்காக நிருஜா வெட்கப்பட்டதுண்டு. அதுவும் நடக்கவில்லை. செத்தும் அவன்தான் முந்தினான்.

திங்கட்கிழமை கொழும்பில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா அந்தக் கன்சோலைத் தன்னிடம் தந்துவிட்டால் போதும், நிருஜா போகமாட்டாள். அதைக் கேட்கத்தான் வந்தாள்.

ஹோலில் ஊதுபத்தியும் ஈரத்துணியும் கலந்த வாடை. யதுர்ஷனின் படத்துக்குக் கீழே ரீவி. அதன் பக்கத்தில் கன்சோல், பச்சை விளக்கோடு. திரையில் அவன் கட்டிவந்த விளையாட்டு நகரம். முன்னால் கதிரை, கதிரையில் கன்ட்ரோலர், அதைச் சுற்றி ஒரு மல்லிகைச் சரம்.

"ஒவ்வொரு நாளும் விளையாடுறான்," அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "மணித்தியாலம் கூடுது, பார்."

"போட்டுவிட்டால் கூடும்தானே அம்மா. அது மெஷின்."

"அப்ப அந்தப் பாலத்தை ஆர் கட்டினது? நேற்று இல்லை."

நிருஜா திரையில் அந்தப் பாலத்தைத் தேடினாள்.

"படிச்சனீ எண்டு பெரிய கதை கதையாதை. அவன் என்னை விட்டுட்டுப் போகேல்லை. நீதான் போனனீ."

அம்மா கணவாயை அடுப்பில் வைத்துவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். குளிக்காமல் அவனுக்குப் படைக்கமாட்டாள். துலாவின் கிறீச்சொலி கேட்டது.

நிருஜா கன்சோலின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு, அதிலிருந்து மெமரி கார்டை உருவினாள்.

கடைத்தெருவில் ஃபோன் திருத்தும் இன்ஷாப்தான் கன்சோலைத் திருட்டுக் கேம் ஓடும்படி மாற்றிக் கொடுத்தவன் என்று அவளுக்குத் தெரியும். எப்படி என்றும் தெரியும். கன்சோலுக்குள்ளே அதன் சொந்த நினைவகம் இருக்கிறது; அதை அவன் தொடவில்லை. கார்டை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்தான். பெரியதில் திருட்டுக் கேம்கள். சின்னதில் உள் நினைவகத்தின் அச்சு அசலான நகல். கார்ட் இருக்கும்வரை கன்சோல் நகலில்தான் வாழும். யதுர்ஷனின் பெயர், அவன் நகரம், அவன் மணித்தியாலங்கள் எல்லாமே அந்தச் சின்னப் பார்ட்டிஷனில். உள்ளே இருக்கும் அசலில் ஒன்றுமில்லை. அதில் ஒரு நாளும் ஒருவரும் விளையாடவில்லை.

கார்டை லப்டொப்பில் செருகினாள். நகலை வாசிக்கத் தெரியாத லப்டொப் அதை வெறும் இடம் என்று நினைத்துக் கேட்டது: பாவிக்க முன்னர் இதைப் போர்மட் செய்யவேண்டும், உள்ளதெல்லாம் அழியும். செய்யவா?

விவரம் தெரிந்த எவரும் வேண்டாம் என்றுதான் அழுத்துவார்கள்.

அவள் ஓம் என்று அழுத்தினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது. நிருஜாவுக்குச் சிரிப்பு வந்தது. நினைவு தெரிந்து முதல் தடவையாக வீட்டில் அவள் மட்டும்தான் பிள்ளை.

பச்சை விளக்கு எரிந்தது.

கார்ட் லப்டொப்பில்தான் இருந்தது. கன்சோலின் வயர் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

ரீவி வெளிச்சமானது. புத்தம்புதுக் கன்சோல் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி திரையில் வந்தது: உங்கள் பெயர் என்ன?

கதிரையில் கன்ட்ரோலர் அசையவில்லை. பொத்தான் மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

டிக்.

யதுர்ஷன் என்று எழுத்து எழுத்தாக வந்தது. ஈரமண் வாடையும் பெற்றோல் வாடையும் ஹோலை அடைத்தன. அவள் அழித்தது நகலை. அவன் அசலுக்குள் வந்துவிட்டான்.

இன்னொருவரைச் சேர்க்கவா என்று திரை கேட்டது.

டிக். டிக்.

நிருஜா திரைக்கு அருகே போனாள். பயந்துகொண்டே, வெட்கமில்லாமல், தன் பெயரின் முதல் எழுத்துக்காகக் காத்திருந்தாள்.

இ. ர. த்.

"தள்ளு பிள்ளை."

தலையில் தண்ணீர் சொட்ட அம்மா வந்து கதிரையில் உட்கார்ந்தாள். ரீவி றிமோட்டையே தலைகீழாகப் பிடிக்கிறவள். கன்ட்ரோலரை எடுத்ததும் அவள் பெருவிரல்கள் யதுர்ஷனின் வேகத்தில் ஓடின.

"அம்மா, வயர் இல்லை! பாருங்கோ, அதில கரண்டே இல்லை!"

"சத்தம் போடாதை. புதுசாக் கட்டுறம்."

"நான் அவன்ட எல்லாத்தையும் அழிச்சனான் அம்மா. வேணுமெண்டுதான்."

அம்மா கோபிக்கவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தை நோக்கித் தலையைச் சாய்த்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தம்பி, அக்காவையும் சேர்ப்பமோ?"

மழை நின்றிருந்தது.

அம்மா தலையாட்டியபடி பதிலைக் கேட்டுக்கொண்டாள். பிறகு சின்னப்பிள்ளைபோலச் சிரித்தாள்.

"அவள் வேண்டாமாம்."

நிருஜா லப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். பை இன்னும் தோளில்தான் கிடந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கொழும்பு நம்பரை அழுத்தினாள்.

"ஓம் சேர், திங்கக்கிழமை வாறன். இல்லை, வீட்டில கேக்கத் தேவையில்லை."

உள்ளே கணவாய் தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை நிறுத்த எழுந்திருக்காமல், அம்மா சிரித்துக்கொண்டேயிருந்தாள். அவளோடு சேர்ந்து, நிருஜாவுக்குப் பழக்கமான ஓர் இளம் ஆண்குரலும்.

நிருஜா ஏற்றத்தில் இறங்கினாள்.