செவலையைக் கொன்றது யார்?

காலை ஏழு மணிக்கு, ஊரே வெங்காயம் போடும் செட்டிகுளத்தில், அய்யம்பெருமாள் வீட்டில் வெங்காயம் சேமிக்கும் பட்டறைக்கு அடியில் செவலை செத்துக் கிடந்தது. செவலை, அவர் வளர்த்த ஆண் பூனை. ஏழேகாலுக்கு அவர் பக்கத்து வீட்டு அழகேசனின் சட்டையைப் பிடித்தார். ஏழரைக்குள் சட்டை கிழிந்து, ஊர் கூடிவிட்டது.

எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வி ஜீப்பிலிருந்து இறங்கினார். அவருக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். இன்றைக்கு டீயும் குடிக்கவில்லை.

"விஷம் வச்சிட்டான் மேடம்! இவன உள்ள தூக்கிப் போடுங்க" என்று அய்யம்பெருமாள் கத்தினார். "ஒம் பூனைய விஷம் வச்சுக் கொல்லுவேன்னு ஊரறியச் சொன்னவன்."

"சொன்னியாய்யா?"

"சொன்னேன் மேடம்" என்றான் அழகேசன். "எங் கோழிக்குஞ்செல்லாம் தின்னுடுச்சு. வயித்தெரிச்சல்ல சொன்னேன். ஆனா வைக்கல."

அழகேசன் வீட்டுப் பரணில் எலி மருந்து ஒரு பாக்கெட் இருந்தது. வெற்றிச்செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவே இல்லை.

"வேற ஒண்ணு வாங்கியிருப்பான்!" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். தீர்ப்புச் சொல்ல மட்டும் நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

"பூனை எப்பலேருந்து சரியில்ல?" என்று கேட்டார் வெற்றிச்செல்வி.

அய்யம்பெருமாளின் மனைவி மலர்க்கொடிதான் வாயைத் திறந்தாள்.

"நாலஞ்சு நாளாச்சுங்க. பட்டறைக்கடியில போயி ஒளிஞ்சுக்கிச்சு. கூப்பிட்டா வரல. நான் சோறு வச்சா மோந்துகூடப் பாக்கல. இவரு கையால ஊட்டுனா மட்டும் ரெண்டு வாய் திங்கும். அவ்ளோ பாசம் இவரு மேல."

"ஆமா மேடம்" என்றான் அழகேசன். "நேத்து எங் குஞ்சு ஒண்ணு அது மூக்குக்கிட்டயே மேஞ்சுது. திரும்பிப் பாக்கல. தொல்ல விட்டுதுன்னு நெனச்சேன்."

"கோழிக்குஞ்சப் பாத்து பூனை சும்மா கெடந்தா அது திருந்திடுச்சுன்னாய்யா அர்த்தம்? சீக்கு வந்து கெடக்குன்னு தோணல?" என்று சீறினார் வெற்றிச்செல்வி. "மூத்திரம் எப்படிப் போச்சு?"

"காப்பித் தண்ணி கலர்லங்க" என்றாள் மலர்க்கொடி.

"அக்னி நட்சத்திர வெயிலு மேடம், ஒடம்பு சூடு" என்று அய்யம்பெருமாள் குறுக்கிட்டார். "பெத்த புள்ளைக்குப் பாக்கிற மாதிரி நான்தான் வைத்தியம் பாத்தேன்."

வெற்றிச்செல்வி குனிந்து செவலையின் உதட்டை விலக்கினார். ஈறு வெள்ளைக் காகிதமாக வெளுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு அலுமினியத் தட்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார். மீன். மீனுக்கு அடியில் பச்சை வெங்காய நெடி.

"வெங்காயமா இது?"

"செட்டிகுளத்துல வேற என்ன மேடம் நாறும்?" என்று எவனோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது தட்டையும் முகர்ந்தார். அதே நெடி.

"இந்தத் தட்டு யாருது?"

"வெள்ளச்சியோடதுங்க. இன்னொரு பூனை."

"எங்க அது?"

யாருக்கும் தெரியவில்லை. செத்ததற்குக் கூடிய அத்தனை பேரில் உயிரோடு இருப்பதைத் தேட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சோளக் குதிருக்குப் பின்னால், இருட்டு மூலையில் சுருண்டு கிடந்தது வெள்ளச்சி. அதன் ஈறும் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"அட கூறுகெட்டவங்களா! இதுவும் சாகட்டும்னு பாத்துக்கிட்டிருக்கீங்களா? ஏறுங்க ஜீப்புல!"

ஒன்பது மணிக்குப் பெரம்பலூரில் கால்நடை மருத்துவர் வெள்ளச்சியின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். "ரத்தம் ஒடஞ்சுக்கிட்டே இருக்கு. எதுவோ தெனமும் உள்ள போயிருக்கு. என்ன குடுத்தீங்க?"

"நான் சொல்றேன் சார்" என்றார் வெற்றிச்செல்வி. "வேற யார் வச்சாலும் மோந்துகூடப் பாக்காத பூனைக்கு அழகேசன் எப்படி விஷம் வைப்பான்? படுத்த நாள்லேருந்து அது ஒரே ஒரு கையாலதான் தின்னுருக்கு. தட்டுல இருந்தது கொழம்புல வெந்த வெங்காய வாசனையும் இல்ல, நசுக்குன பச்சை வெங்காயம். நம்ம ஊர்ல அந்த நெடி எப்பவும் அடிக்கிறதால யாருமே கவனிக்கல. சொல்லுய்யா அய்யம்பெருமாளு, என்ன வைத்தியம் பாத்த?"



"வெங்காயம் குளிர்ச்சிங்களே மேடம். வெயிலுக்கு நாம பழைய சோத்தோட கடிச்சுக்கிறதுதான? ரெண்டும் மூச்சு வாங்குச்சுங்க. அதான் நசுக்கி மீனுல பெசஞ்சு குடுத்தேன். மூத்திரம் செவந்ததும் சூடு கூடிப்போச்சுன்னு செவலைக்கு இன்னும் ரெண்டு காய் சேத்து..."

"நமக்குக் குளிர்ச்சி. பூனைக்கு வெஷம்யா!" மருத்துவர் பற்களைக் கடித்தார். "மூத்திரத்துல போனது அதோட ரத்தம். ஒளிஞ்சு படுத்துச்சு, ஒரு நாள் முழுக்க ஒழுங்காத் திங்கலன்னா வேற என்னய்யா வேணும், தூக்கிட்டு வர? அதுக்கு வாய் இருக்கா, வந்து சொல்ல?"

"எஞ் சட்ட?" என்றான் அழகேசன்.

வெள்ளச்சியின் காலில் ஊசி ஏறியது. இன்று தாண்டினால் பிழைக்கலாம் என்றார் மருத்துவர். மேஜை மேல் கிடந்த பூனையைத் தடவிக் கொடுக்க அய்யம்பெருமாள் கையை நீட்டினார். பூனை பழக்கத்தில் அந்தக் கையை நோக்கித் தலையைத் தூக்கியது.

மலர்க்கொடி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவரை 'நீங்க' என்றே அழைத்தவள்.

"யோவ், கைய எடு" என்றாள். "மொத நாளே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சுனேன். பூனைக்கெல்லாமா ஆஸ்பத்திரி, ஊரு சிரிக்கும்னு சொன்ன. போ. போயி ஊரோட சேந்து சிரி."