பதினேழாம் நடுகல்

மாசித் திங்களின் முழுநிலவு அப்போதுதான் எழுந்து, ஆன்பொருநை நதியின் சிற்றலைகள் மீதெல்லாம் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்திவேளை. கரையோரக் குன்றின் மேல் பதினேழு நடுகற்கள் வரிசையாக நின்றன. எட்டாண்டுகளுக்கு முன் பேரரசரின் படையை ஆற்றுத்துறையில் மறித்து மாண்ட செம்பாறை நாட்டு வீரர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன.

அப்பெயர்களை அழிக்க வந்திருந்தார் ஓலை அதிகாரி விழுப்பரையர். பேரரசெங்கும் ஒரே வரலாறுதான் இருக்க வேண்டும். பேரரசருக்காக மடிந்தவரே வீரர். மற்றவர் பெயர்களைச் செதுக்கி எறிந்துவிட்டுப் பேரரசரின் மெய்க்கீர்த்தியைப் பொறிக்க வேண்டும் என்பது ஆணை. அழகான நடை. எழுதியவரும் அவரே.

"ஐயனே, கடைசிக் கல்லில் தொடங்கட்டுமா?" என்றான் கல்தச்சன் சாத்தன். "யாரோ புண்ணியவதி விளக்கேற்றி வைத்திருக்கிறாள். நமக்கு எண்ணெய் மிச்சம்!"

விழுப்பரையர் அந்தக் கல்லைப் பார்த்தார். 'எயினன் கொற்றன்' என்றிருந்தது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

கல்லின் பின்னாலிருந்து வெண்ணிற ஆடையில் ஒருத்தி எழுந்தாள். செம்பாறை நாட்டு இளவரசி சேந்தி! அதிகாரி சட்டென்று மேலாடையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கோட்டையை எடுத்தீர்கள், கொடியை எடுத்தீர்கள். செத்தவர்களையும் விடமாட்டீர்களா?"

"ஆணை, தேவி."

"இவர் எனக்கு மாலையிட இருந்தவர். எட்டாண்டுகளாக இவருக்கு நாள் தவறாமல் விளக்கேற்றுகிறேன். இந்தப் பெயரில் உளி படுமுன் என் கழுத்தில் வாள் படட்டும்!"

"வேண்டாம், சேந்தி! இதற்காகவா சாவாய்? அவன் சாகவில்லை."

அந்தக் குரல்! இளவரசி விளக்கைத் தூக்கினாள். மேலாடை நழுவியது.

வாசகர்களே, அன்று துறையில் நின்று செத்தவர்கள் பதினாறு பேர்தான். பதினேழாமவன் நீந்தித் தப்பினான். பகைவரிடமே பணியும் பட்டமும் பெற்றான். உடல் கிடைக்காதவனை ஆறு கொண்டுபோயிற்றென்று நம்பி, அவனுக்கும் கல் நட்டு, படையலிட்டு, அழுது தீர்த்திருந்தது அந்த நாடு.

சேந்தி அழவில்லை. சாத்தனிடம் கை நீட்டி உளியையும் சுத்தியையும் வாங்கினாள். ஒவ்வோர் எழுத்தாகத் தானே செதுக்கி எடுத்தாள். ஒவ்வோர் அடிக்கும் விழுப்பரையரின் தலை தாழ்ந்துகொண்டே போயிற்று.

"இந்தக் குன்றில் இருந்த பொய் இது ஒன்றுதான். போயிற்று. மற்ற பதினாறையும் என்ன செய்வதாக உத்தேசம், அதிகாரி அவர்களே?"

அவர் ஆணை ஓலையை எடுத்து விளக்குச் சுடரில் பிடித்தார். அது கருகி முடியும்வரை விரலை எடுக்கவில்லை.

"என் தலை போனாலும் இந்தப் பதினாறு பெயர்களில் ஓரெழுத்தும் அழியாது. இது சத்தியம்!"

"யார் பெயரால்?" என்று கேட்டாள் சேந்தி.

அவர் தரையைப் பார்த்தார். விழுப்பரையர் என்பது பேரரசர் தந்த பட்டம். மற்றொரு பெயர் கல்தூளாய் அவர் காலடியில் கிடந்தது.