மீதி உடம்பு

ஷிப்ட் முடிந்ததும் கொம்பையா தன் இடது கையைக் கழற்றிக் கவுண்டரில் கொடுத்தார். உள்ளே இருந்தவன் அதற்கு ஒரு டோக்கன் போட்டுக் கொடுத்தான். சைக்கிளை விட்டுவிட்டு வருவதுபோலத்தான். சந்திரனில் ஏழாம் சுரங்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் தினமும் நடக்கிற காரியம். ஆள் தூங்கப் போவான், கை தனியாக அடுத்த ஷிப்ட்டுக்குப் போகும்.

சொந்தக் கை ஆறு வருஷத்துக்கு முன்னால் பாறை உடைக்கிற எந்திரத்தில் போயிற்று. கம்பெனி இந்த ஒட்டுக்கையை மாட்டிவிட்டது. அதற்கென்று ஒரு சின்ன மூளை உண்டு. எந்தத் தோளில் மாட்டுகிறார்களோ அந்தத் தோளின் பழக்கவழக்கத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளும். கொம்பையாவுக்கு யோசனை வந்தால் காது மடலை நீவுவார். இரண்டாம் வருஷத்திலிருந்து அவர் யோசிக்காதபோதும் கை தானாகப் போய்க் காதை நீவியது.

டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு அவர் நேராக வருமான வரிச் சாளரத்துக்கு ஓடினார். நாளை சாயங்காலம் ஆறு மணிக்குப் பூமிக்குக் கப்பல். விட்டால் பதினோரு மாசம் கழித்துத்தான் அடுத்தது. அங்கே மகள் பவுனுத்தாய்க்குக் கல்யாணம். அம்மா இல்லாத பிள்ளை. தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் வேண்டும். கம்பெனிக் கை பூமிக்கு வராது. ஒற்றைக் கையால் என்றாலும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் வருமான வரிக் கணக்குப் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கணக்குப் போடக் கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது.

தெரியாமல் ஒன்றும் விடவில்லை. தேதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாலு வருஷமாகக் கடைசி நாளன்று தேதியைத் தள்ளி வைத்தார்கள். அதனால் இந்த வருஷமும் சுரங்கமே அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பலகை வாயே திறக்கவில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் விழுந்தடித்து ஓடிப் போட்டார்கள். கொம்பையா கடைசி நிமிஷம் வரை நம்பினார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் ஜெபமணி வந்து நின்றான். அவனும் அதே சுரங்கம், அதே நம்பிக்கை.

"என்ன அண்ணாச்சி, மகளுக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு நீருமா இங்க நிக்கீரு?"

"நீதானல ஒரு மாசமாச் சொன்ன, தள்ளி வைப்பாங்கன்னு."

"நான் சொன்னேனா? எனக்குச் சொன்னதே நீருதான்."

யார் யாருக்குச் சொன்னது என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அதற்குள் முறை வந்துவிட்டது. சாளரத்துக்குப் பின்னால் எழுத்தர் எந்திரம். முகம் கிடையாது. குரல் மட்டும் பணிவு.

"உங்கள் கணக்கு முதல் நாளே வந்துவிட்டதே, ஐயா."

"நான் போடலியே."

"நீங்கள் போடவில்லை. உங்கள் இடது கை போட்டிருக்கிறது."

கொம்பையா தோளைத் திரும்பிப் பார்த்தார். அங்கே காலிச் சட்டைக்கை தொங்கியது.

"கை எதுக்குய்யா கணக்குப் போடுது?"

"தனி ஷிப்ட் பார்ப்பதால் அது தனித் தொழிலாளி. சம்பளம் உண்டு. அதைக் கம்பெனி பராமரிப்புச் செலவுக்குப் பிடித்துக்கொள்கிறது. கணக்கும் கம்பெனியே முதல் நாளில் போட்டுவிடும். வரிச்சலுகைக்காக அந்தக் கணக்கில் உங்களைக் கையைச் சார்ந்திருப்பவர் என்று காட்டியிருக்கிறார்கள்."

"யாரு, நான் கையச் சார்ந்திருக்கேனா? உறவு என்னன்னு போட்டிருக்கு?"

"'மீதி உடம்பு' என்று."

ஜெபமணி சிரித்த சிரிப்பில் வரிசையே எட்டிப் பார்த்தது. "மீதி உடம்பு அண்ணாச்சி! நல்லாயிருக்கு!"

"சும்மா கெடல." கொம்பையா சாளரத்துப் பக்கம் திரும்பினார். "அப்போ நான் தனியாக் கணக்குப் போடணுமா, வேண்டாமா? அபராதம் உண்டா, இல்லியா?"

"சார்ந்திருப்பவர் கணக்குப் போடக்கூடாது. போடாததால் தாமதம் இல்லை. தாமதம் இல்லாததால் அபராதமும் இல்லை. காப்பாளர் வந்து சம்மத ரேகை வைத்தால் சீட்டு இப்போதே கிடைக்கும்."

"காப்பாளர்னா?"

"உங்கள் இடது கை, ஐயா."

அவருக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் சீட்டு கிடைக்கும் என்பது புரிந்தது. இடத்தை ஜெபமணியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கவுண்டருக்கு ஓடினார். கையை மூன்றாம் ஷிப்ட்டுக்கு அனுப்ப வண்டியில் அடுக்கியிருந்தார்கள். டோக்கனைக் காட்டி, கெஞ்சி, வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வைப்பா," என்றார் தன் கையிடம். வெட்கமாக இருந்தது. "பிள்ளைக்குக் கல்யாணம். பெருவிரலை அந்தக் கண்ணாடித் தட்டுல வை."

கை எழும்பியது. கண்ணாடித் தட்டுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. பிறகு திரும்பி வந்து அவர் காது மடலை நீவியது. ஒரு தரம், இரண்டு தரம். அந்த நீவலுக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

பாறைப் பெட்டிகளில் எண்ணும் பெயரும் எழுதுவது கையின் வேலை. அந்தப் பழக்கத்தில் அது கண்ணாடித் தூசியில் விரலால் எழுதியது. கொம்பையா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

சம்மதம் கொடுக்கக் கடைசி நேரம் எது?

"கப்பல் புறப்படும் வரை. நாளை மாலை ஆறு மணி," என்றது எழுத்தர்.

கை எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதியது.

அப்போ நாளைக்குப் பார்த்துக்கலாம். எப்படியும் தள்ளி வைப்பாங்க.

"கப்பலத் தள்ளி வைக்க மாட்டாங்கப்பா!" என்று கத்தி, வலது கையால் இடது கையைப் பிடித்துத் தட்டில் அமுக்கப் பார்த்தார். பாறை தூக்குகிற கை. அசையவே இல்லை. அவர் மூச்சு வாங்குகிற வரை பொறுத்திருந்து, அவருடைய வலது தோளில் இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தது.

பின்னால் நின்ற யாரோ எட்டிக் கண்ணாடியைப் படித்துவிட்டார்கள்.

"ஏய், தள்ளி வைப்பாங்களாம்!"

"யாரு சொன்னா?"

"சாளரத்துலயே எழுதிப் போட்டிருக்குவே!"

வரிசை கலைந்தது. ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் நடந்தார்கள். ஜெபமணியும் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நெசமாவா?"

கொம்பையா இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை பேர் போகிறார்களே என்று பார்த்தபோது, ஒருவேளை கப்பலையும் தள்ளி வைப்பார்களோ என்று அவருக்கே தோன்றிவிட்டது.