அலையாத்திக் காட்டில் ஓர் அவசரப் பிணம்

"வீல்ல்ல்...!"

படகின் முன்பலகையிலிருந்து அலறியது, சுற்றிப் பார்க்க வந்திருந்த கூலிங்கிளாஸ் அம்மா.

அலையாத்தி வேர்களுக்கு நடுவே, சேற்றில், குப்புறக் கிடந்தது அது.

பிணம்!

துடுப்பு போட்டுக்கொண்டிருந்த படகுக்காரி கையை நிறுத்தினாள். போயும் போயும் இன்றைக்கா? ஊர்ப் பெண்கள் நடத்தும் இந்தப் படகுச் சவாரியைச் சோதிக்க இன்றைக்குத்தான் அதிகாரி ஏறியிருக்கிறார். சவாரி நின்றால் காட்டுக்குக் காவல் போச்சு. மறுநாளே இறால் பண்ணைக் கம்பெனி மரம் அறுக்கும் மிஷினோடு வந்து நிற்கும்.

"பாதுகாப்பே இல்ல. அனுமதி ரத்து," என்றார் அதிகாரி. "கரைக்குத் திருப்பும்மா."

"செத்தது யாருன்னு பாக்க வேணாமா சார்?"

"அத போலீஸ் பாத்துக்கும். திருப்பு."

படகுக்காரிக்குச் சுள்ளென்று ஏறியது.

"கடல் ஏறுது சார். இப்ப விட்டுட்டுப் போனா பொணத்தத் தண்ணி அடிச்சிட்டுப் போயிடும். அப்புறம் நாங்கதான் மறைச்சோம்னு எங்க தலையில கட்டுவீங்க. போலீஸ் வர்ற வரைக்கும் படகு நகராது. அண்ணி, கயித்த வேர்ல கட்டுங்க."

"கட்டியாச்சு. போலீசுக்குப் போனும் போட்டாச்சு," என்றாள் பின்னால் இருந்த அண்ணி.

அதிகாரிக்கு வியர்த்தது.

தண்ணீர் ஏறியது. பிணத்தின் கன்னத்தைத் தொட்டது... காதைத் தொட்டது...

பிணம் மெல்லத் தலையைத் தூக்கியது.

தண்ணீர் இன்னும் ஏறியது.

பிணம் முட்டி போட்டது.

"அண்ணி, பொணம் முட்டி போட்டு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"உங்கண்ணன் காலைல எந்திரிக்கிறப்ப இப்படித்தான்டி இருப்பாரு."

சேற்று முகத்தோடு பிணம் வாயைத் திறந்தது.

"மாமா! பாத்ததும் படகத் திருப்பிடுவேன்னுதானே சொன்னீங்க? நண்டு வேற கடிக்குது. நீங்க சொன்ன இறால் பண்ணை சூப்பர்வைசர் வேலையே வேணாம், என்னைத் தூக்குங்க மாமா."

படகு மொத்தமும் அதிகாரியைப் பார்த்தது.

"இ... இவன் யாருன்னே எனக்கு..."

"அக்காகிட்ட சொல்லிடுவேன்," என்றது பிணம்.

அதிகாரி பொத்தென்று உட்கார்ந்தார். தூரத்தில் போலீஸ் படகின் சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் போனில் பிடித்து முடித்த கூலிங்கிளாஸ் அம்மா முகம் மலர்ந்து திரும்பினாள். "என்னமா நடிக்கிறாங்க! அடுத்த வாரம் என் மாமியாரக் கூட்டிட்டு வர்றேன். இதே மாதிரி இருக்குமா?"

படகுக்காரி துடுப்பை எடுத்தாள்.

"பொணத்துக்கு வேற ஆளப் படுக்க வெச்சிடலாம் மேடம். அதிகாரிக்குத்தான் எங்க போறது? அவரு உள்ள இருப்பாரே."