திரும்பி வராத லைன் கிளியர்

காலை ஷிஃப்டுக்கு வந்த ஆபரேட்டர் டிபன் பாக்ஸை மேசையடியில் வைத்தான். சண்டைக் காலம்; குண்டுக்குப் பயந்து துணை மின்நிலையத்தின் ஜன்னல்களையெல்லாம் மணல் மூட்டையால் அடைத்திருந்தார்கள். உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு, எண்ணெய் நாற்றம்.

நேற்றும் இதே நாற்காலிதான். அறுந்த கம்பியைக் கட்ட பஜார் முனைக் கம்பத்தில் ஏறினார் லைன்மேன் நெட்டையண்ணன். ஏறுமுன், கரண்டை நிறுத்தவைத்து 'லைன் கிளியர்' வாங்கினார். வாங்கியவரே இறங்கி, தன் வாயால் திருப்பித் தந்தால்தான் சுவிட்ச் போடலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் அதே லைன்தான். அங்கே ஆபரேட்டரின் நாலு நாள் குழந்தை மூச்சு மிஷினில் கிடந்தது. "எல்லாரும் இறங்கியாச்சு" என்று ஜீப் டிரைவர் சொன்னதை நம்பிப் போட்டுவிட்டான்.

நெட்டையண்ணன் இறங்கியிருக்கவில்லை.

இரவெல்லாம் அந்தச் சாவு அவன் நெஞ்சை அறுத்தது. விடியலில் வேறு ஆட்கள் கம்பியைக் கட்டி முடித்தார்கள். கம்பத்தில் யாருமில்லை என்று அவனே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி செல்போனில் அழுதாள். "ஜெனரேட்டர்ல டீசல் தீருதாம். இன்னும் பத்து நிமிஷந்தாங்க."

சுவிட்சைப் போட்டான். அது நிற்காமல் தானாகவே ஆஃபுக்கு விழுந்தது.

மறுபடி போட்டான். விழுந்தது.

லைன்மேன்கள் கூப்பிடும் லைன் போன் மேசைமேல் அடித்தது. எடுத்தால், காற்றின் இரைச்சல்; அதனூடே நெட்டையண்ணன் குரல்.

"நான் இன்னும் மேலதான்பா இருக்கேன்."

"அண்ணே... தப்பு என்மேலதான். பாப்பா செத்துரும்ணே. இறங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இறங்காம எப்படிப்பா சொல்றது? யாராவது மாத்திவிடணும்ல?"

வேலை பாதியில் ஆள் மாறினால், லைன் கிளியரையும் அடுத்தவர் பேருக்கு மாற்றுவது வழக்கம். பதிவேட்டைப் பிரித்தான். கருகிய வாடை தோளருகே வந்து நின்றது.

நெட்டையண்ணன் பேரை அடித்துத் தன் பேரை எழுதினான். கம்பத்தில் ஏறாமலே, 'இறங்கிவிட்டேன்' என்று கையெழுத்தும் போட்டான்.

"நல்லாயிருப்பா," என்றது குரல். போன் அடங்கியது.

இந்த முறை சுவிட்ச் விழவில்லை.

செல்போனில் மனைவியின் குரல் துள்ளியது. "கரண்ட் வந்துருச்சு! பாப்பா நல்லா மூச்சு விடுறா! நீங்க எங்க இருக்கீங்க? ஒரே காத்துச் சத்தமா இருக்கே?"

'ஆபீஸ்லதான்' என்று சொல்ல வாயெடுத்தான்.

ஆஸ்பத்திரியின் ஜன்னல்கள் வரிசையாக வெளிச்சமாவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பஜார் முனைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால்தான் அது அப்படித் தெரியும்.