தேய்க்கக் கூடாத வெள்ளி

போன் அலறியது.

நாணய வியாபாரி எடுத்தான். கழுத்தில் எந்நேரமும் பூதக்கண்ணாடி தொங்குவதால் அவனுக்கு ஊர் வைத்த பெயர், லென்ஸ்.

"தம்பி... அவர் ராத்திரியானா காசைத் தேய்க்கிறார்!"

அண்ணியின் குரல்! பழங்காசு சேகரிக்கும் நண்பரை அவன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அவருடைய மனைவி.

"யாரு அண்ணி?"

"உங்க அண்ணன்தான்!"

லென்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தான்.

அண்ணன் செத்து ஒரு மாதமாகிறது! அலமாரி ஏணியிலிருந்து விழுந்தார்... மண்டை உடைந்தது... விபத்து என்று எழுதி போலீஸ் கேஸை மூடிவிட்டது.

அண்ணியின் மனசுதான் மூடவில்லை. பூனை மாதிரி ஏணி ஏறுகிற மனிதர் எப்படி விழுவார்? பாவம், அந்தக் கேள்வி அவளைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை.

மத்தியானமே லென்ஸ் அங்கே ஆஜர்.

அண்ணனின் அறை. நல்ல வெயில் நேரத்திலும் ஜில்லென்றிருந்தது. மேஜைமேல் வெல்வெட் தட்டு. அதில் வரிசையாக வெள்ளிக் காசுகள். ஒரு மாதம் முன்புவரை கன்னங்கரேலென்று இருந்தவை இப்போது பல்லிளித்தன!

"நான் தூங்கினப்புறம் இங்கேர்ந்து கரக்... கரக்னு சத்தம் தம்பி. காலையில வந்து பார்த்தா ஒரு காசு பளபளன்னு இருக்கும். தினமும் ஒண்ணு..."

"பயத்துல ஏதோ..."

"சரி, அதை விடுங்க. இதெல்லாம் இனிமே விலை போகுமா?"

தொழில் பேச்சு வந்ததும் லென்ஸுக்கு மூச்சு வந்தது.

"போகாது அண்ணி. பழைய வெள்ளிக்கு அந்தக் கறுப்புதான் தோல். தேய்க்கிறது தோலை உரிக்கிற மாதிரி. தரம் பார்த்து மார்க் போட அனுப்பினாலும், 'பாலிஷ் போட்டது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவாங்க."

"மறுபடியும் கறுப்பாக்க முடியாதா?"

"கந்தகம் வெச்சு ஒரே நாள்ல ஆக்கலாம். ஆனா..." சட்டென்று நிறுத்தினான். "பேசாம எல்லாத்தையும் வெள்ளி எடைக்கு நானே எடுத்துக்கறேன். இப்பவே!"

"இருங்க தம்பி. உயிரோட இருந்தவரைக்கும் இதுமேல துணி பட விட்டாரா மனுஷன்? செத்தப்புறம் தேய்க்கிறாரே... எதையோ தேடுறாரோ?"

லென்ஸின் சட்டை முதுகோடு ஒட்டியது.

"இன்னிக்குக் காலையில இதைத் தேய்ச்சிருக்கார்."

தட்டின் மூலையைக் காட்டினாள். ராணித் தலைக் காசு! அண்ணன் சேகரிப்பிலேயே விலை மதிக்க முடியாதது. நிலா மாதிரி வெள்ளை வெளேரென்று...

லென்ஸ் பேயறைந்தவன் போல் ஆனான்.

"இது... இது எப்படி வெள்ளையா இருக்கு? தேய்ச்சா செம்பு தெரியணுமே!"

"ஏன் தம்பி செம்பு தெரியணும்?"

அவன் காதில் விழவில்லை. சட்டையின் உள்பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். விற்கவும் பயம், வீட்டில் வைக்கவும் பயம் என்று கூடவே சுமந்து திரிந்த பொட்டலம். பிரித்தான்.

உள்ளே ராணி கறுப்பாகத்தான் இருந்தாள்!

"நிஜக்காசு எங்கிட்டதானே இருக்கு... அப்ப அது..?"

"அதைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருந்தோம்!"

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

லென்ஸ் பொலபொலவென்று உதிர்ந்தான். "செம்புக்கு வெள்ளி முலாம் பூசி, கறுப்பேத்தி மாத்தி வெச்சேன் சார்... கண்டுபிடிச்சுட்டார். போலீஸுக்குப் போறேன்னு ஏணியிலேர்ந்தே கத்தினார்... ஏணியை இழுத்து விட்டுட்டேன்!"

அண்ணி சுவரில் சாய்ந்து அழுதாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த அழுகை.

"தட்டுல இருக்கிறது மலிவான வேற வருஷத்து ராணிடா," என்றார் இன்ஸ்பெக்டர். "கழுத்துல கிடக்கிறதைக் கண்ணுல வெச்சுப் பார்த்திருந்தா தப்பிச்சிருப்பே!"

விலங்கு மாட்டி அவனை ஜீப்பில் ஏற்றியாயிற்று. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"ஆவி அது இதுன்னு பிரமாதமா நடிச்சீங்கம்மா! ஆனா ஒரு வருத்தம். போலிக்காசை மட்டும் தேய்ச்சிருந்தா போதுமே... நல்ல காசையெல்லாம் ஏன் பாழாக்கினீங்க?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு விழித்தாள்.

"நான் எதையும் தேய்க்கல சார்."

"என்னது?"

"ஒருநாள் காலையில அந்த ராணி மட்டும் செம்பு தெரிஞ்சு செவந்து கிடந்தா. அதை எடுத்துக்கிட்டுத்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க குடுத்த காசை அந்த இடத்துல வெச்சேன். இன்னிக்குக் காலையில அதைத் தேய்ச்சார்னு சொன்னது ஒண்ணுதான் நான் சொன்ன பொய்..."



கரக்... கரக்...

மேஜைப் பக்கமிருந்து!

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். 

"முக்கியமான சாட்சியே அவர்தான்... சம்மனை எந்த அட்ரஸுக்கும்மா அனுப்புறது?"