வேலியோர மண்மேடுகள்

பொடிசுக்கு அன்று முதலில் கிடைத்தது ஒரு சின்னக் குருவி. தலை ஒரு பக்கம் தொங்கியது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"அம்மா, தூங்குற மாதிரியே இருக்கு."

அம்மா கையுறையோடு அதை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பறவைகள் இடம் மாறும் பருவம் முழுக்க அம்மாவுக்கு இதுதான் வேலை. விடிந்ததும் காற்றாலைகளின் கீழே நடந்து, அடிபட்டு விழுந்த பறவைகளையும் வௌவால்களையும் தேட வேண்டும். பள்ளி விடுமுறை என்பதால் மகள் பொடிசும் ஒட்டிக்கொண்டாள்.

"உன் கழுகுக் கண்ணுக்குச் சம்பளம் கேக்காத வரைக்கும் சரி" என்றாள் அம்மா.

ஏழாவது காற்றாலையின் கீழ் மட்டும் இந்தப் பருவத்தில் எதுவுமே கிடைக்கவில்லை.

"நல்லதுதானேம்மா?"

"நம்ப முடியலையே. பக்கத்துலயே குளம். சாயங்காலம் ஆனா வௌவால் மொய்க்குது. அடிபடாமலா இருக்கும்? கீழே கிடைச்சாதான் காற்றாலை ஆபீஸ்ல நம்புவாங்க. நம்பினாதான் ராத்திரியில இதை நிறுத்துவாங்க."

அம்மா குளத்துப் பக்கம் தேடப் போனாள். பொடிசு வேலியோரம் நடந்தாள். அங்கே உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்ன மண்மேடுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். குச்சியால் ஒன்றைக் கிளறினாள். குடைத்துணி போல மடங்கிய கறுப்பு இறக்கை ஒன்று வெளியே வந்தது.

"தோண்டாதே பாப்பா!" காற்றாலை வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நீங்களா மாமா புதைச்சீங்க?"

"ஆமா. காலையில பாத்தா பரிதாபமா கிடக்குதுங்க. நேத்து ஒண்ணுக்கு உயிர் இருந்துச்சு. துணியில எடுத்ததும் அடங்கிடுச்சு. நாயும் காக்காயும் இழுக்கிறதைப் பாக்க மனசு வரலை. மண்ணுக்குள்ளயாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு..."

பொடிசுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"மாமா, நீங்க பாவம் பாத்துதான் செஞ்சீங்க. ஆனா புதைச்சிட்டா, இதுங்க சாகவே இல்லைன்னு ஆபீஸ்ல நினைச்சுப்பாங்க. இன்னைக்கு ராத்திரியும் இது சுத்தும்."

வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே காற்றாலை விஷ்ஷ், விஷ்ஷென்று சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, எனக்கு யாரும் சொல்லலையே!"

"எனக்கும் அம்மா சொல்லித்தான் தெரியும். வாங்க, சேர்ந்தே போய்ச் சொல்லுவோம். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

விஷயத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் சிவந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். பொடிசு அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

வாட்ச்மேனே மண்வெட்டியால் ஒவ்வொரு மேடாகத் தோண்டிக் கொடுத்தார். நாற்றம் தாங்காமல் பொடிசு மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொண்டுவந்த பைகள் போதாமல், அவர் தன் சாப்பாட்டுப் பையை உதறிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. இந்தப் பருவம் முடியும்வரை, இருட்டியபின் ஏழாவது காற்றாலை ஓடக்கூடாது. மற்றவை சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் கீழே அம்மாவின் பைகள் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன.

அன்று இருட்டும் வேளையில் மூவரும் ஏழாவதின் அடியில் நின்றார்கள். விஷ்ஷென்ற சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

"நின்னுடுச்சா பாப்பா?" வாட்ச்மேன் கிசுகிசுத்தார்.

"நின்னுடுச்சு மாமா."

குளத்துப் பக்கமிருந்து வௌவால்கள் வந்தன. அசையாமல் நின்ற காற்றாலையைச் சுற்றிப் புகுந்து புகுந்து பறந்தன. பொடிசு எண்ணத் தொடங்கினாள். பாதியிலேயே கணக்கு விட்டுப்போனது.